ஒரு சாண் குறைந்த மாப்பிள்ளையும் தோட்டப் பங்கும்

கோணக்காட்டுப்புதூர் வடக்கு வீதிக்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாலு வீட்டிலும் அது நிறையவே இருந்தது. எடுத்துச் செலவழித்தால் தீர்ந்துவிடுமே என்று யாரும் தொடவில்லை, அவ்வளவுதான்.

மூத்தவர் சென்னியப்பன். எதையும் அவர்தான் முடிவு செய்வார். அடுத்த வீட்டு அவிநாசியப்பன் அந்த முடிவுக்குக் காரணம் கண்டுபிடிப்பார். மூன்றாவது வீட்டு மயில்சாமி சந்தேகம் கேட்பார். நாலாவது வீட்டு நாச்சிமுத்துவுக்கு முப்பத்தொன்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. மற்ற மூவரும் அதைத் தங்கள் குறையாகவே நினைத்து வருந்தினார்கள்.

ஒருவழியாகக் கீழ்ப்புதூர் ருக்குமணி வீட்டில் பேச்சு கூடி வந்தது. அவள் சந்தையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்கியதை நாச்சிமுத்து ஒருநாள் பார்த்திருந்தான். கட்டினால் இவளைத்தான், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டான். ஆனால் அவள் அவனைவிட ஒரு சாண் உயரம். அவளுடைய அப்பா குழந்தைசாமி தன்மையாகச் சொன்னார்: பையன் சின்ன வயசில் நல்ல காய்கறி தின்றிருந்தால் வளர்ந்திருப்பான், ஐப்பசி கடைசி வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன், ஒரு சாண் கூடியிருந்தால் பெண்ணைக் கொடுக்கிறேன். மாட்டேன் என்பதைத்தான் அவர் இப்படிச் சொல்கிறார் என்று இவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. இன்னும் எட்டு வாரம் இருக்கிறதே என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார்கள்.

நல்ல காய்கறி என்றால் அந்தப் பக்கத்தில் பாவாயி தோட்டம்தான். மருந்தடிக்காத தோட்டம். பருவத் தொடக்கத்திலேயே பங்குக்குச் சேர்ந்துவிட்டால், சனிக்கிழமைதோறும் வீடு தேடிக் கூடை வரும். அந்த வாரம் மண் எதைக் கொடுக்கிறதோ அதுதான் கூடையில் இருக்கும். நாலு வீடும் சேர்ந்து ஒரு கூடைக்குச் சொல்லி வைத்தார்கள். முதல் கூடையில் பாவாயி ஒரு சீட்டும் வைத்திருந்தாள்: "என் தோட்டத்தில் விளைவது எதுவானாலும் பங்கு சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் சரிபங்கு."

சரிபங்கு என்றால் சரிபங்குதானே. ஒவ்வொரு கத்தரிக்காயையும் நாலாக அரிந்தார்கள். முருங்கைக்கீரைக்கு வந்ததும் ஒவ்வோர் இலையையும் நாலாகக் கிள்ளினார்கள். ஞாயிறும் திங்களும் அதிலேயே போயின. செவ்வாய்க்கிழமை ரம்பம் கொண்டுவந்து கூடையையும் நாலாக அறுத்து, ஆளுக்கொரு கால் கூடையை வீட்டில் மாட்டினார்கள். கூடை தன்னுடையது என்று பாவாயி அடுத்த சீட்டில் பெரிய எழுத்தில் எழுத வேண்டியிருந்தது.

மூன்றாவது வாரம் கத்தரிச் செடியில் புழு விழுந்தது. கூடை பாதிதான் நிறைந்தது. பாவாயி மனசு நொந்து, விளைச்சலில் மட்டுமில்லை, கஷ்டத்திலும் நமக்குள் பங்குதான் என்று எழுதியிருந்தாள். நாலு பேரும் அதைப் படித்து வெட்கப்பட்டார்கள். இத்தனை நாளாக நல்லதை மட்டும் வாங்கித் தின்றுவிட்டோமே என்று உடனே தோட்டத்துக்குப் போய், தங்கள் பங்குப் புழுக்களைத் தீப்பெட்டிகளில் வாங்கி வந்தார்கள். அவற்றுக்குப் போடச் சந்தையில் பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பார்த்து வாங்கினார்கள். அன்றைக்கே மூன்று வீட்டுப் பெண்களும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஐந்தாவது கூடையில் புடலங்காய் வந்தது. அவசரத்தில் பறித்ததால் ஒரு காயின் நுனியில் கட்டியிருந்த கல்லைப் பாவாயி அவிழ்க்க மறந்திருந்தாள். இது இந்தப் பருவத்துக் காய் போலிருக்கிறது என்றார் அவிநாசியப்பன். அரிவாள்மனை முனை மழுங்கியதே தவிரக் கல் நாலாகவில்லை. சென்னியப்பன் யோசித்து, பிரிக்க முடியாததை முறை வைத்துக்கொள்ளலாம், வாரத்துக்கு ஒரு வீடு என்று தீர்ப்புச் சொன்னார். முதல் வாரம் அவர் வீட்டிலேயே சாம்பாரில் போட்டார்கள். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. காய்தான் வேகவில்லை.

புகார் சொல்லத் தோட்டத்துக்குப் போனார்கள். பாவாயி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அது காயில்லீங்ண்ணா. புடலங்காய் சுருண்டுக்காம நேரா நீளமா வளரோணும்னு நுனியில கல்லக் கட்டி உடுவமுங்க" என்றாள்.

நாலு பேரும் திரும்பி நடந்தார்கள். வழியில் மற்ற மூவரும் ஒருவர் பின் ஒருவராக நின்று நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். ஐந்து வாரமாகக் கீரையும் சுரைக்காயும் பீர்க்கங்காயும் தின்றும், கதவு நிலையில் போட்ட கோட்டைவிட அவன் ஒரு நூல்கூட உயரவில்லை. கல் கட்டாமல் எப்படி வளர்வான்?

கடைசிப் புதன்கிழமை பாவாயி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். நாச்சிமுத்துவைப் புடலங்காய்ப் பந்தலுக்கு அழைத்துப் போனார்கள். கல்லும் அந்த வாரம் அவன் முறைதான் என்பதால் அதில் தகராறு இல்லை. எங்கே கட்டித் தொங்கவிடுவது என்பதில்தான் பேச்சு நீண்டது.

"காய் காம்புலதானுங்ண்ணா தொங்குது. மனுசனுக்குக் காம்பு எதுங்க?" என்று கேட்டார் மயில்சாமி.

"மசுருதான்" என்றார் அவிநாசியப்பன்.

நாச்சிமுத்து துண்டை எடுத்துத் தலையைக் காட்டினான். அங்கே காம்பு உதிர்ந்து பத்து வருஷமாகியிருந்தது. அதனால் நாலு பழைய வேட்டிகளை முறுக்கிக் கயிறாக்கி, அக்குளில் கட்டி, பாதம் தரைக்கு மேலே ஒரு சாண் நிற்கும்படி தொங்கவிட்டார்கள். ஒரு காலில் மட்டும் கல் கட்டினால் அந்தக் கால் மட்டும் நீண்டுவிடாதா என்று மயில்சாமிக்கு அடுத்த சந்தேகம் வந்தது. காலையில் வலது கால், மாலையில் இடது கால் என்று மாற்றினார்கள். செடிகளுக்கு ஊற்றும்போது அவனுக்கும் ஒரு குடம் ஊற்றி, தலையிலிருந்து கால்வரை பஞ்சகவ்யமும் தெளித்தார்கள். நாச்சிமுத்து முகம் சுளிக்கவில்லை. அக்குள் கடுத்தபோதெல்லாம் ருக்குமணி முருங்கைக்காய் முறுக்கியதை நினைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை குழந்தைசாமி மகளோடு வந்தார். வடக்கு வீதியில் நாலு வீடும் பூட்டியிருந்தன. பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கிய பாவாயி, தோட்டத்தில்தான் இருப்பார்கள் என்று கூட்டிப் போனாள். பந்தலுக்கடியில் புடலங்காய்களுக்கு நடுவே மாட்டுச் சாண வாசத்தோடு நாச்சிமுத்து தொங்கிக்கொண்டிருந்தான். வாங்க என்று கை கூப்பினான். கூப்பியதில் லேசாகச் சுற்றி அந்தப் பக்கம் திரும்பிவிட்டான். மயில்சாமி பிடித்து நேராக்கினார்.

"புதங்கெழமை கட்டறப்ப காலு தரைக்கு மேல ஒரு சாண்ல இருந்துச்சுங்க. இப்பக் குனிஞ்சு பாருங்க" என்றார் சென்னியப்பன்.

குழந்தைசாமி குனிந்து பார்த்தார். பாதம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சொன்ன சொல் மாறாத மனிதர் அவர். கையை விரித்துத் தரையிலிருந்து ஒரு சாண் அளந்தார், பிறகு நிமிர்ந்து, சாண் சரியாகத்தான் இருக்கிறது, பெண்ணைக் கொடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். ருக்குமணி மட்டும் அண்ணாந்து, இழுபட்டு நீண்டு கிடந்த வேட்டிக் கயிற்றைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் தனக்காக இரண்டு நாள் தொங்கிய ஒருத்தனை அவள் அதுவரை பார்த்ததில்லை. அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது.

"அவுத்து உடுங்கப்பா, கூட்டிட்டுப் போலாம்" என்றாள்.

"அதெப்படிங்க அம்மிணி?" என்று குறுக்கே வந்தார் அவிநாசியப்பன். மடியிலிருந்து முதல் கூடைச் சீட்டை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். தோட்டத்தில் விளைவது எதுவானாலும் பங்கு சேர்ந்தவர்களுக்குத்தான். இந்த ஒரு சாண் இந்தத் தோட்டத்தில் விளைந்தது. கீழ்ப்புதூர்க்காரர்கள் பங்கில் இல்லை.

பாவாயி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

குழந்தைசாமி நியாயத்துக்குக் கட்டுப்பட்டவர். அங்கேயே ஐந்தாவது வீடாகப் பங்குக்குச் சேர்ந்தார். சென்னியப்பன் நாச்சிமுத்துவைச் சுற்றி வந்து பார்த்து, பிரிக்க முடியாத சரக்கு, கல்லைப் போலவே முறை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னார். கார்த்திகையில் அதே பந்தலுக்கடியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் மாப்பிள்ளையைக் கயிற்றில் கொஞ்சம் தூக்கிவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை கீழ்ப்புதூரில் கூடை வந்து இறங்கியது. ருக்குமணி பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே ஒரு கட்டுத் தண்டுக்கீரை, இரண்டு பீர்க்கங்காய், அவற்றுக்கடியில் அந்தக் கல் இருந்தது. அவிநாசியப்பன் கையெழுத்தில் ஒரு சீட்டும் இருந்தது:

"நாச்சிமுத்து இந்த வாரம் சென்னியப்பன் வீடு. உங்கள் முறை ஐந்தாவது வாரம். அதுவரைக்கும் இதை வைத்துக்கொள்ளவும். இரண்டும் ஒரே பந்தல் சரக்குதான், பெரிய வித்தியாசம் தெரியாது."