வளைவில் உட்கார்ந்தவள்

“இதைக் கிணத்துல போட்டுடுங்க சாமி. எனக்குக் கை வரமாட்டேங்குது.”

கோமளவல்லி துணிப்பையை ஆசிரமத்துச் சமையல்கூடத் தரையில் கவிழ்த்தாள். பொம்மைக் கார் ஓடுவதற்கான கறுப்புத் தடத்துண்டுகள், ஒயர், ஒரு சின்னக் கார். இருபத்துநாலு மணி நேரப் பந்தயங்களில் அந்தக் காலத்தில் ஓடிய கார் ஒன்றின் பொம்மை. தாழ்ந்த நீல உடம்பு. கதவில் வெள்ளை வட்டம்.

“யாரோடதும்மா?”

“என் பையன் நவநீதனோடது. இதை வச்சு விளையாடித்தான் புத்தி அப்படிப் போச்சு. நாளைக்கு நிஜக் கார்ல அதே மாதிரிப் பந்தயம் ஓட்டப் போறான். பகலும் ராத்திரியும். எனக்குச் சோறு இறங்கலைங்க. கண்ணை மூடினா கார் உருளுது.”

“அவன் என்ன சொல்றான்?”

“‘நீயும் வந்து நில்லும்மா’ங்கறான். நீ போனா உன் முகத்துலயே முழிக்க மாட்டேன்னுட்டேன்.”

சாமிக்கு அவளைவிட வயது குறைவு. தரையில் உட்கார்ந்து தடத்துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டினார். ஒயரைப் பிளக்கில் செருகினார். காருக்கு அடியிலிருந்த முளையைத் தடத்தின் நடுப்பள்ளத்தில் இறக்கினார்.

கையில் பிடிக்கும் விசையை அவளிடம் நீட்டினார்.

“ஓட்டுங்க.”

அவள் பயந்து பயந்து தொட்டாள். கார் அசையவில்லை.

“இப்ப ஒரு ஆபத்தும் இல்லை” என்றார் சாமி.

“கேலி பண்ணாதீங்க.”

சொன்ன வேகத்தில் அழுத்திவிட்டாள். கார் பாய்ந்தது. வளைவில் தடத்தை விட்டுப் பறந்து அரிசி மூட்டையில் மோதியது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவன் சின்னப் பையனா இருந்தப்ப விசை யார் கையில?”

“அவன் கையிலதான். எனக்குத் தரவே மாட்டான்.”

“நீங்க?”

“வளைவுல உக்காத்தி வைப்பான். ஓட்டாத ஆள் வளைவுல இருக்கணுமாம், அது அந்த ஆட்டத்துச் சட்டம். கார் விழுந்தா எடுத்துத் தடத்துல வைக்கணும். அடுப்புல பால் பொங்குதுன்னு எந்திரிச்சாக்கூட நிறுத்திடுவான். ‘நீ உக்காரு, அப்பத்தான் ஓட்டுவேன்’ம்பான்.”

சாமி விசையை வாங்கிக்கொண்டார்.

“உக்காருங்க.”

வளைவில் உட்கார்ந்தாள். கார் வந்தது. அவள் கை தானாக நீண்டது. கார் கடந்து போனது. மறுபடியும் வந்தது. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.

“சாமி, இது பொம்மை. விழுந்தா எடுத்து வச்சிடுவேன். அங்க விழுந்தா?”

சாமி விசையை விட்டார். கார் நின்றது.

“எனக்குத் தெரியாதும்மா.”

அவள் உதடு முருகா, முருகா என்று அசைந்தது.

பிறகு முந்தானையால் காரைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். போனை எடுத்தாள்.

“நவநீதா. நாளைக்கு நான் எந்த வளைவுல நிக்கட்டும்?”