முன்சுவர்

தூத்துக்குடியில் ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கிய கிட்டங்கி ஒன்றை ஓவியக் கூடமாக்கி நடத்திவந்தார் பிரகாசி டீச்சர். உள்ளே சக்கரம் வைத்த மரத் தடுப்புகள்தான் சுவர்கள். ஒவ்வொரு கண்காட்சிக்கும் அவற்றை உருட்டி வேறு இடமாக்கிவிடுவார். போன மாதம் வந்தவர் இந்த மாதம் வந்தால் வழி கேட்பார்.

அவருடைய சீடர் சேர்மராஜ், டீச்சரைவிடப் பல வயது மூத்தவர். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் படம் மாட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். திட்டும்போதும் டீச்சர் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

சேர்மராஜ் தன் பொறுப்பில் நடத்தும் முதல் கண்காட்சி அது. ஐந்து ஓவியர்கள். ஐந்து பேருக்கும் வாசலைப் பார்த்த முன்சுவர்தான் வேண்டும். பேசிப் பேசித் தொண்டை கட்டியபின் அவர் சீட்டுக் குலுக்கினார். முன்சுவர் டைட்டஸுக்கு விழுந்தது. பின்கோடி மூலை ஜெபமணிக்கு.

ஜெபமணி சீட்டைக் கசக்கிப் போட்டார். எட்டு மாதம் வரைந்த படத்தை இருட்டில் தொங்கவிடுவதற்குப் பதில் வீட்டுப் பரணில் போட்டுவைக்கலாம் என்றார். நாளைக்கு லோடு ஆட்டோவோடு வந்து எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திறப்பு நாளிலேயே ஒரு இடம் காலியாக நிற்கப்போகிறது. சேர்மராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சரிடம் போய் நின்றார்.

"எல்லாரும் முன்சுவரு கேக்காவ டீச்சர். ஒரு கூடத்துக்கு முன்சுவரு ஒண்ணுதான இருக்கும்?"

"கொஞ்சம் தேங்காண்ணெ கொண்டாங்க அண்ணாச்சி."

வீடு பற்றி எரியும்போது எண்ணெய் கேட்கிறாரே என்று சேர்மராஜுக்கு எரிச்சல். இருந்தாலும் கொண்டுவந்தார். கிட்டங்கியின் பின்கதவு திறந்து வருஷக்கணக்காகியிருந்தது. துருப்பிடித்த தாழ்ப்பாளில் டீச்சர் எண்ணெயை விட்டார். இருவரும் சேர்ந்து தள்ளியதும் வெளிச்சமும் மீன் சந்தையின் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன. பிறகு டீச்சர் தடுப்புகளை உருட்டி, பின்கதவிலிருந்து ஜெபமணியின் மூலையை ஒட்டி வாசல்வரை நேராக ஒரு வழி விட்டார்.

மறுநாள் விருந்தினர்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். முன்சுவரின் முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள், டீ குடித்தார்கள். ஜெபமணி தன் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். விருந்தினர்கள் போனதும் படத்தை ஏற்ற வெளியே ஆட்டோ காத்திருந்தது.

பின்கதவில் மீன்காரப் பெண் ஒருத்தி தலையில் கூடையோடு எட்டிப் பார்த்தாள். இப்படியே மெயின் ரோட்டுக்குப் போகலாமா, வெயிலில் சுற்றிப்போக முடியவில்லை என்றாள். இது பொது வழி இல்லை என்று சொல்ல சேர்மராஜ் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் தாராளமாகப் போங்கள் என்றுவிட்டார். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். கொஞ்ச நேரத்தில் பாதிச் சந்தை கிட்டங்கிக்குள் நடந்துகொண்டிருந்தது. விருந்தினர் சிலர் மூக்கைப் பொத்தினார்கள்.

முதலில் வந்தவள் மட்டும் ஜெபமணியின் படத்தின் முன் நின்றுவிட்டாள். சாம்பல் நிறம் தவிர வேறெதுவும் இல்லாத பெரிய படம். தலைச்சுமையோடு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே இறக்கினாள். இறக்கினால் திரும்பத் தூக்கிவிட ஆள் வேண்டும். அதனால் விற்கிற இடத்தைத் தவிர மீன்காரப் பெண்கள் எங்கும் இறக்குவதில்லை.

"விடியதுக்கு முன்ன கடக்கரை இப்படித்தான் கிடக்கும்," என்றாள்.

ஜெபமணி வரைந்தது தன் வீட்டுச் சுவரின் ஈரக்கறையை. அவரும் திரும்பித் தன் படத்தைப் பார்த்தார். அவள் கிளம்பும்போது, யாரும் கேட்காமலேயே ஓடிப்போய்க் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். கஞ்சி போட்ட சட்டையில் மீன் தண்ணீர் வழிந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. சிரித்தபடியே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தார்.

சாயங்காலம் டைட்டஸ் மெதுவாக சேர்மராஜிடம் வந்து, நாளைக்குத் தன் படத்தை அந்த மூலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். அவர் போனதும் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சேர்மராஜுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீச்சரிடம் ஓடினார்.

"இப்ப எல்லாருக்கும் மூலைதான் வேணுமாம். நெசமாச் சொல்லுங்க டீச்சர், இங்க முன்சுவரு எது?"

டீச்சர் ஒரு தடுப்பை உருட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"கூடைய எங்க இறக்குதாவளோ அது. இந்தப் பக்கம் பிடிங்க அண்ணாச்சி. நாளைக்கு எங்க இறக்குதாவன்னு பாப்போம்."