கடைசிச் சட்டம்

"இந்த ஜன்னலை நான் செதுக்க மாட்டேன்," என்றான் ஹாகு. உளியைக் கீழே வைத்துவிட்டான்.

குரு கேசராஜ் நிமிரவில்லை. நேபாளத்து நேவார் குலத் தச்சர். அந்த அரண்மனையில் மரத்தில் எது அழகாக இருந்தாலும் அது அவர் கைவேலை.

"ஏன்?"

"இது ஜன்னலா? சிறை. ஊரார் குடிக்கிற தண்ணீரை ராஜா தன் குளத்துக்குத் திருப்பிக்கொண்டார். தப்பு என்று சபையில் சொன்னது அவருடைய தங்கை ஒருத்திதான். அந்த அம்மாவைப் பூட்டி வைக்க நாம் மரப்பின்னல் கோக்கிறோம். நீங்களும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்."

"ஆட்டினேன்."

"வெட்கமாக இல்லையா?"

சிஷ்யன் கேட்கக் கூடாத கேள்விதான். ஆனாலும் நான் ஹாகுவின் பக்கம்.

"நாம் மறுத்தால்?" என்றார் குரு.

"மறுப்போம். தலை போனால் போகட்டும்."

"போகும். பிறகு கொல்லன் வருவான். இரும்புக் கம்பி வைப்பான்."

ஹாகு உளியை எடுக்கவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் பிடிவாதம். பின்னலுக்கான அத்தனை மரச்சட்டங்களையும் குருவே செதுக்கினார்.

ஜன்னல் பொருத்தும் நாளில் ஹாகு வெறுங்கையோடு போனான். குரு தலைகுனிவதைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு கோபம்.

பின்னல் ஜன்னலுக்கு நேவார் தச்சர்கள் ஆணி அடிப்பதில்லை, பசை தடவுவதில்லை. ஒரு சட்டத்தின் வெட்டில் அடுத்த சட்டம் உட்காரும். ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

ராஜாவுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. "நாலு ஆணி அடியும்," என்றார்.

"அடிக்கலாம் மகாராஜா. பக்கத்து ஊர் ராஜா பார்த்தால் சிரிப்பார்."

நம் ராஜாவால் எதைப் பொறுத்தாலும் அந்தச் சிரிப்பை மட்டும் பொறுக்க முடியாது.

"ஆணி வேண்டாம்," என்றார்.

"இன்னும் ஒரு சட்டம் பாக்கி," என்றார் குரு. "இந்த அறையில் இருக்கப் போகிறவர் கையால்தான் அதைப் பொருத்த வேண்டும். எங்கள் குல வழக்கம்."

ஹாகு சட்டென்று திரும்பிப் பார்த்தான். அவனும் அதே குலம்தான். அப்படி ஒரு வழக்கத்தை அவன் கேள்விப்பட்டதே இல்லை.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. "நல்ல வழக்கம். தன் சிறையைத் தானே பூட்டட்டும்."

கனகமதியைக் கூட்டி வந்தார்கள். அவள் அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"முதலில் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். இதை நான் தொட மாட்டேன்."

குரு விரல் நீளச் சட்டத்தை நீட்டினார். "ஒருமுறை பொருத்திப் பாருங்கள், அம்மா. சரியாக உட்காராவிட்டால் உருவிவிட்டு மறுபடியும் பொருத்தலாம்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கிப் பொருத்தினாள். பின்னல் முழுவதும் இறுகியது.

உருவினாள். சுற்றியிருந்த சட்டங்கள் எல்லாம் கையோடு வருவதுபோல் நெகிழ்ந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற ராஜாவுக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஹாகுவுக்குத் தெரிந்தது. அவன் இடைவெளி வழியே எட்டிப் பார்த்தான். ஜன்னலை ஒட்டிக் கீழ்க்கூரை. கூரையைத் தாங்கிக்கொண்டு, தரைவரை வரிசையாக, பல கைகளையும் ஏணிப்படிகள் போல நீட்டிக்கொண்டு குரு செதுக்கிய தெய்வங்கள்.

கனகமதி சட்டத்தை மறுபடியும் பொருத்தினாள்.

"இப்போது சரியாக உட்கார்ந்துவிட்டது, ஆசாரியாரே."

ஹாகு குனிந்து குருவின் உளிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

ராஜா வாசலில் நின்று கேட்டார்: "இதை யாராவது திறந்துவிட முடியுமா?"

"வெளியிலிருந்து யாராலும் முடியாது, மகாராஜா," என்றார் குரு.