தொட்டி வழியும் நாள்

கொடிமலைக் காட்டில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. விலங்குகள் குடிக்கட்டும் என்று காட்டுக் காவலர்கள் கட்டியது. பக்கத்தில் ஒரு கம்பம், அதன் மேல் சோலார் தகடு. வெயில் பட்டால் மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீர் வரும்.

அந்தக் கோடையில் தண்ணீர் பாதித் தொட்டிக்கு மேல் ஏறவே இல்லை. மான் கூட்டம் எதிர்மலைக்குப் போய்விட்டது. செவ்வரி என்ற புள்ளிமானுக்குக் கால் ஊனம். அவளால் மலை ஏற முடியவில்லை. அவள் மகள் துள்ளி புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "தொட்டி வழிஞ்சா ஓடையில தண்ணி அங்க வரைக்கும் வரும்மா. அதைப் பார்த்ததும் ஓடி வந்துடுவேன்."

அன்றிலிருந்து செவ்வரிக்கு வேறு நினைப்பே இல்லை. தொட்டியின் விளிம்பையும் எதிர்மலையையும் மாறி மாறிப் பார்ப்பாள். மகளை நினைத்தால் மேய்ச்சல்கூட மறந்துபோகும்.

வாலப்பன் என்ற குரங்கு உதவிக்கு வந்தான். யோசனைக்கு அவனிடம் என்றைக்குமே பஞ்சமில்லை. சூட்டில் தகடு சோர்ந்துபோகிறது என்று சொல்லி, தொட்டித் தண்ணீரைச் சிரட்டை சிரட்டையாக மொண்டு அதன் மேல் ஊற்றினான். குழாயில் தண்ணீர் கூடத்தான் செய்தது. ஆனால் சாயங்காலம் பார்த்தால் தொட்டி முன்னைவிட இறங்கியிருந்தது.

மறுநாள் இரண்டு காட்டெருமைகளைப் பிடித்து வந்தான். சூரியன் போகும் பக்கமெல்லாம் தகட்டைத் திருப்ப வேண்டுமாம். பாவம், அவை நாள் முழுக்கக் கம்பத்தை முட்டித் தள்ளின. அன்றும் தண்ணீர் கூடியது. தள்ளிய களைப்பில் அவை குடித்தது அதைவிட அதிகம்.

"எவ்வளவு கூட வந்துச்சுன்னே சொல்றியே, அதுக்கு எவ்வளவு போச்சுன்னு பார்த்தியா?" என்று கேட்டாள் செவ்வரி.

வாலப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வழக்கம்போல மைனாக்களைக் கூட்டி, தகட்டின் மேலேயே உட்கார்ந்து அடுத்த யோசனையைப் பேச ஆரம்பித்தான்.

அப்போது வானத்தில் ஒரு வல்லூறு வட்டமிட்டது. மைனாக்கள் பறந்தன, வாலப்பன் மரத்துக்குத் தாவினான். குழாயில் நூலாக விழுந்த தண்ணீர் சட்டென்று தடித்தது. செவ்வரி நிமிர்ந்து பார்த்தாள். தகடு முழுக்க எச்சமும் புழுதியும்.

"வாலப்பா, கூட்டத்தை இனிமே மரத்துல வச்சுக்கோ. விடியக்காலைல பனி ஈரம் இருக்கும்போதே உன் வாலால அந்தத் தகட்டைத் துடைச்சு விடு. எனக்கு என் புள்ளையைப் பார்க்கணும்."

"மூளைக்கு வேலை கேட்டு வந்தா வாலுக்கு வேலை சொல்றியே!" என்று அவன் முணுமுணுத்தான். ஆனாலும் தினமும் துடைத்தான்.

எட்டாம் நாள் தொட்டி வழிந்தது. தண்ணீர் காய்ந்த ஓடையில் இறங்கி எதிர்மலைப் பக்கம் ஓடியது. செவ்வரி கரையிலேயே நின்றாள். அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டே துள்ளி வந்து சேர்ந்தாள். கொஞ்சம் வளர்ந்திருந்தாள், விலா எலும்பு தெரிந்தது.

"முதல்ல குடி" என்றாள் செவ்வரி. மகள் குடித்து முடிக்கும்வரை அவள் முதுகை நக்கிக்கொண்டே இருந்தாள்.

புதிய வழி ஒன்று எவ்வளவு தரும் என்று கேட்கும்போதே அது எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்றும் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், கையில் இருப்பதைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.