விருந்தில் ஓலை பரிமாறிய காளத்தி

மன்னர் கோதண்டராயர் கோட்டை கட்டினாலும் கட்டினார், அரண்மனை வைத்தியர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. வேலையில் அடிபட்டால் அரண்மனைச் செலவில் வைத்தியம் என்பது மன்னர் உத்தரவு. நல்ல உத்தரவுதான். ஆனால் வைத்தியர்கள் அடிபட்டவனைப் பார்க்க மாட்டார்கள், அவனைப் பற்றி எழுதிய ஓலையைத்தான் பார்ப்பார்கள்! ஒருவர் 'கல் விழுந்த காயம்' என்பார். இன்னொருவர் 'பழைய வாதம்' என்பார். மூன்றாமவர் ஓலையைத் திரும்ப முதலாமவருக்கே அனுப்பிவிடுவார். தீர்ப்பு வரும்வரை வெளி வைத்தியர் தொடவும் கூடாது.

கல் விழுந்து கால் முறிந்த கல்தச்சன் முத்திருளனின் ஓலை பத்து நாளாக இப்படிச் சுற்றியது. அவன் மனைவி வீராயி, குறும்புக்குப் பேர்போன அமைச்சர் காளத்தியிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, இன்னும் ரெண்டு நாள் போனா கால் எலும்பு கோணலா ஒட்டிக்கிடுமாம். அப்புறம் அவரு சாரம் ஏறவே முடியாதுங்க!"

காளத்தி உடனே கிளம்பினார். நேரே வைத்தியர்களின் தலைவரான பண்டிதரிடம் போனார்.

"பண்டிதரே, ஒருமுறை அவன் காலைப் பார்க்கக் கூடாதா?"

"காலைப் பார்த்தால் மனம் இளகிவிடும் ஓய்! ஓலையைப் பார்த்தால்தான் நியாயம் தெரியும்."

"அப்படியா சங்கதி!" என்று காளத்தி சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கண்டு பண்டிதர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் மன்னரின் பிறந்தநாள் விருந்து. ஏற்பாடு முழுவதும் காளத்தி கையில். உச்சிவேளை. சமையலறையிலிருந்து நெய் வாசனை மூக்கைத் துளைக்கிறது. வைத்தியர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தண்ணீர் தெளித்த வாழை இலையில் வந்து விழுந்தது ஓர் ஓலை!

பண்டிதர் படித்தார். "அதிரசம் இரண்டு, புளியோதரை, பால் பாயசம்... என்ன இது? சாப்பாடு எங்கே?"

"அதில் எல்லாம் விவரமாக இருக்கிறதே!" என்றார் காளத்தி.

"விளையாடாதீர்! எனக்குப் பசி உயிர் போகிறது."

"இன்று வந்த பசியா, நேற்றே இருந்த பழைய பசியா? உமக்குப் பசி என்கிறார் ஒரு சமையல்காரர். வெறும் வாயு என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் யோசிக்கிறார். தீர்ப்பு வரும்வரை வெளியிலும் சாப்பிடக் கூடாது."

மன்னர் தம் இலையைப் பார்த்தார். அங்கேயும் ஓலை!

"காளத்தி, எனக்குமா?"

"மகாராஜா, உங்கள் கோட்டைக்குக் கல் செதுக்கியவன் பத்து நாளாக இந்த விருந்தைத்தான் சாப்பிடுகிறான்" என்று காளத்தி நடந்ததைச் சொன்னார்.

மன்னரின் முகம் சிவந்தது. "பண்டிதரே, முதலில் காலைக் கட்டும். உமது சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளும்!"

அடுத்த அறையில் முத்திருளன் தயாராகப் படுத்திருந்தான். பண்டிதர் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. காலைத் தொட்டார், தடவினார், "கல் விழுந்த காயம்தான்!" என்று ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டார். எலும்பை நேராக்கி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். வீராயி ஆனந்தத்தில் அழுதேவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் பாயசம் வந்தது.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "காளத்தி, என்ன பரிசு வேண்டும்?"

"ஒரே ஒரு சட்டம், மகாராஜா. இனி வைத்தியர்களுக்குள் வழக்கு வந்தால், அது தீரும்வரை அவர்களுக்குச் சாப்பாடு கிடையாது."

மன்னர் அங்கேயே முத்திரை குத்தினார். கோட்டை கட்டி முடிய மூன்று வருடம் ஆயிற்று. அத்தனை வருடத்தில் வைத்தியர்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடுகூட வரவில்லை!