பெயர் கேட்காத சத்திரம்

வெண்கரை நாட்டைக் கோமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தது வெகுகாலத்துக்கு முந்திய கதை. நல்லவன்தான். ஆனால் மூக்குக்கு மேல் கோபம். அந்தக் கோபத்தில்தான், தன் சொல்லை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரே தங்கையை நாட்டைவிட்டே துரத்தினான். "இந்த நாட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால் நாக்கை அறுப்பேன்" என்று பறையும் அறைந்தான்.

சில வருஷம் போனது. கோபம் வடிந்தது, உத்தரவு மட்டும் நின்றது. ராஜா சொன்ன சொல்லை ராஜாவே எப்படித் திரும்ப எடுப்பது? அதற்குப் பதிலாக ராஜபாட்டை ஓரம் அறுபது அறையோடு ஒரு விடுதி கட்டினான். தங்கை என்றாவது திரும்பினால் மழையில் நனையக்கூடாது என்பது அவன் எண்ணம். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த விடுதியை நிர்வகித்தவர் சிங்கமுத்தர். அடுத்தவர் பெயர் எடுத்தால் அவருக்கு வயிறு எரியும். கால் காத தூரத்தில் உலகாயி என்பவள் நடத்திய ஓட்டுச் சத்திரம் இருந்தது. ஒழுகும் கூரைதான், ஆனால் வழிப்போக்கர் எல்லாரும் அங்கேதான் போனார்கள்.

"மன்னா, அந்தக் குட்டிச்சுவர் இருக்கும்வரை நம் விடுதிக்கு மதிப்பில்லை" என்று சிங்கமுத்தர் சபையில் முறையிட்டார்.

"இடித்துவிடுங்கள்" என்றான் ராஜா.

சேதி கேட்ட உலகாயி மந்திரி நல்லசிவத்தின் வீட்டுக்கு ஓடினாள். "காய்ச்சல்ல நாலு பேரு படுத்திருக்காங்க சாமி. அவங்கள எங்க கொண்டுபோறது?" என்று அழுதாள். அழுகையோடு வேறொரு சேதியும் சொன்னாள். அதைக் கேட்ட மந்திரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் சபையில் மந்திரி எழுந்தார். "முதல் கடப்பாரையை நானே போடுகிறேன், மன்னா. ஆனால் இடிக்கிற இடத்தில் ஒரு வேளை சாப்பிட்டாவது பார்க்க வேண்டாமா? நாம் இருவரும் ஏழைகளாகப் போவோம். முதலில் விடுதி, பிறகு சத்திரம். ஒரே நிபந்தனை, எங்கும் உங்கள் பெயரைச் சொல்லக்கூடாது."

"தாராளமாகப் போகட்டும். என் விடுதி யாரையும் திருப்பி அனுப்பாது" என்று சிங்கமுத்தர் சிரித்தார்.

"அந்த வார்த்தைக்கு இந்தச் சபையே சாட்சி. நாங்கள் திரும்பும்வரை நீங்கள் இங்கேயே இருங்கள்" என்றார் மந்திரி.

விடுதி வாசலில் காவல்காரன் மறித்தான். "பேரு?"

"சொல்ல முடியாது" என்றான் ராஜா.

"அப்பன் பேரு?"

"அதையும் சொல்ல முடியாது."

"அப்ப இடமில்ல. சிங்கமுத்தர் எசமான் உத்தரவு. தள்ளி நில்லு."

மழை பிடித்துக்கொண்டது. தான் கட்டிய விடுதிக்கு வெளியே ராஜா தொப்பலாக நனைந்தான். மந்திரி சத்திரத்துக்குப் போகும் வழியில் முன்னே நடந்தார்.

சத்திரத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. துவட்டத் துணி வந்தது, இலை விழுந்தது, சூடாகச் சோறு வந்தது. "ஏன் தாயி, என் பேரைக் கேட்கவில்லை?" என்றான் ராஜா.

"சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் ஊரு பேரு கேக்கமாட்டோம். அது இங்க வழக்கம். பசிச்சவனுக்கு என்ன ஊரு?" என்றாள் உலகாயி.

பக்கத்தில் இன்னொரு இலை, சோறோடு, ஆளில்லாமல் இருந்தது. அது யாருக்கு என்று ராஜா கேட்டான்.

"போன ஐப்பசியில ஒரு பொண்ணு வந்துச்சு. தாலி இழந்த கழுத்து. அந்தப் பெரிய விடுதியில பேரு கேட்டாங்களாம். என் பேரைச் சொல்ல இந்த நாட்டுல அனுமதி இல்லைன்னு சொல்லியிருக்கு. விரட்டிட்டாங்க. மழையில நடந்து வந்து காய்ச்சல்ல விழுந்துச்சு. மூணு நாளு ஒரு பருக்கை உள்ள போகல. சாப்பிடாதவங்ககிட்ட எப்படிப் பேரு கேக்கறது? கேக்காமலே கொள்ளி வச்சோம். அதான் தினம் ஒரு இலை."

உலகாயி மாடத்திலிருந்து அந்தப் பெண்ணின் சுருக்குப்பையை எடுத்துக் கவிழ்த்தாள். பல்லாங்குழிச் சோழிகள். நடுவில் ஒரே ஒரு புன்னங்கொட்டை. தொலைந்த சோழிக்குப் பதிலாகச் சின்ன வயதில் ராஜாவே தங்கைக்குத் தேடிக் கொடுத்தது.

ராஜா அந்தக் கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மந்திரியைப் பார்த்தான். "உனக்கு முன்பே தெரியுமா?"

"சந்தேகம் இருந்தது, மன்னா. சபையில் சொல்ல எனக்கு நாக்கு ஒன்றுதானே" என்றார் மந்திரி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

உலகாயிக்கு அப்போதுதான் வந்தவர் யார் என்று புரிந்தது. ஆனாலும் வழக்கத்தை விடவில்லை. "சாப்பிட்டாச்சுங்க. இப்பக் கேக்கலாம். பேரு என்ன?"

"என் பேர் கிடக்கட்டும் தாயி. அவள் பேர் நீலவல்லி" என்றான் ராஜா. ஏழு வருஷத்தில் அந்தப் பெயரை அந்த நாட்டில் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவன்தான்.

பிறகு சத்திரத்துக்குப் புதுக் கூரை போட்டார்கள். மந்திரிக்கு ராஜா முத்துமாலை கொடுத்தான், அவர் வாங்கிக்கொள்ளவில்லை. சிங்கமுத்தருக்கு விடுதி வாசலில் வேலை, வருகிறவர்களுக்குக் கால் கழுவத் தண்ணீர் ஊற்றுவது, வாயே திறக்காமல். "கேள்வி கேட்டது அவர், கேட்க வைத்தது நான். எனக்கு என்ன தண்டனை?" என்று ராஜா சபையில் கேட்டான்.

அதை அவனே விதித்துக்கொண்டான். ஒவ்வொரு ஐப்பசியிலும் சத்திரத்துக்குப் போய் அந்த வெறும் இலைக்குத் தன் கையால் பரிமாறுவான். "சாப்பிடு, நீலவல்லி" என்பான். சோறு ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போவான்.