ஓடைக்கு அந்தாண்டைச் சந்தை

கிட்ட வந்து குந்துங்க. பொறாமையைப் பத்தின கதை இது. தள்ளி உக்காந்து கேட்டா, அடுத்தவன் கதைன்னு நினைச்சுக்குவீங்க.

ஓடைக்கு இந்தாண்டை ஓர் ஊர். அதுக்குப் பஞ்சாயத்துத் தலைவர் மாசிலாமணி. ஓடைக்கரையில் ஒரு பசுவோடும் கன்றோடும் இருந்த சாமியார் முன்னால், விடிஞ்சும் விடியாததுமாக வந்து நின்றார்.

“சாமி, எனக்குத் தூக்கம் போச்சு.”

“உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. பூவாயி.”

பூவாயி அந்தாண்டை ஊர்த் தலைவி.

“அந்தம்மா என்ன பண்ணிச்சு?”

“ஒண்ணும் பண்ணல. அதான் எரியுது! பொங்கலுக்குப் பொங்கல் இல்லாதப்பட்டதுங்களுக்கு நான் சேலை குடுக்கிறேன், அரிசி குடுக்கிறேன். அவ ஒரு முழத் துணி குடுத்ததில்ல. ஆனா அவ ஊருல ஓலைக் குடிசையெல்லாம் ஓட்டு வீடா மாறுது. என் ஊருல அதே குடிசை, அதே வரிசை.”

“ம்.”

“வரிசையில முதல் ஆளா நிப்பா கீரைக்காரி மருதாயி. இந்த வருசம் காணோம். ஆள் விட்டுக் கேட்டா, ‘சேலை நானே எடுத்துக்கிட்டேன்னு தலைவர்கிட்ட சொல்லு’ங்கிறா. பூவாயி சந்தையில கீரை விக்கிறாளாம். என் ஊர்க்காரி, சாமி!”

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“கூடைக்காரி அத்தனை பேரும் என் சந்தையைத் தாண்டி ஓடையில இறங்கிப் போறாளுங்க. இப்படியே போனா என் சந்தையில காக்காதான் கடை போடும்.”

“உங்க சந்தையில என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல. வாசல்லயே சுங்கம். காசை வச்சாத்தான் கூடை உள்ள போகும். இல்லாதவ திரும்பிப் போகணும். கறார். அங்க என்னடான்னா, வித்துட்டுப் போறப்ப குடுன்னு விட்டுர்றா. அவளுக்கு என்ன தெரியும் நிர்வாகம்! ஏதோ மருந்து வச்சிருக்கா சாமி. அதுக்கு மாத்து நீங்கதான் சொல்லணும்.”

சாமியார் ஒரு செம்பை நீட்டினார்.

“வெறும் வயித்தோட எரியாதீங்க, தலைவரே. பால் கறந்து குடிங்க.”

மாசிலாமணி மாடு வளர்த்தவர். முதலில் போய்க் கன்றை அவிழ்த்துவிட்டார். அது மடியைப் பார்த்துத் துள்ளி ஓடியது.

சாமியார் குறுக்கே போய் நின்றார். கன்றின் மூக்குக்கு நேராக உள்ளங்கையை விரித்தார்.

“சுங்கம்.”

கன்று கையை நக்கியது.

அந்த எரிச்சலிலும் மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நல்லா இருக்கு சாமி! அது முட்டிக் குடிச்சாத்தானே பால் இறங்கும்? முன்னாடியே கேட்டா, அந்த வாயில்லா சீவன் எங்க போகும்…”

அவர் கண் ஓடைக்கு அந்தாண்டைச் சந்தைப் பக்கம் திரும்பியது.

சாமியார் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டார்.